காரியாலயப் பிரிண்டரை நாமே இணைக்கலாம்

(கிளைச் செயலாளர்கள், மாதர் அணி, இளைஞர் அணி ஆகியோருக்கான பயிற்சி வகுப்பில் காரியாலயக் கணினிக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம் பற்றியும் சேமலாப நிதி பற்றியும் மற்றவர்கள் இந்த மேடையில் பேசுவார்கள். நாங்கள் பேச வந்திருப்பது, அந்த விடயங்களையெல்லாம் கடிதமாக்கித் தரும் ஒரு பெட்டியைப் பற்றி. காரியாலய மூலையில் இருக்கிறதே, அந்த லேசர் பிரிண்டரைப் பற்றித்தான்.

பிரிண்டருக்கும் ஒரு வகுப்பா என்று சிலர் நினைக்கலாம். ஒரு கணக்குப் பார்ப்போம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு தொழிலாளி தொழில் நியாய சபைக்கு விண்ணப்பம் செய்யக் குறிப்பிட்ட காலம்தான் தவணை. அந்தத் தவணை தப்பினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு மூடிவிடும். ஓய்வு பெறும் ஓர் அம்மா சேமலாப நிதிப் பணத்தை எடுக்க விண்ணப்பம் நிரப்ப வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் ஒட்டுகிற அறிவித்தல் வேண்டும். எல்லாமே தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியின் பிரதியில் எந்தத் துரையும் கையெழுத்து வைத்துத் தரமாட்டார். அச்சு நின்றால் கடிதம் நிற்கும். கடிதம் நின்றால் தவணை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் காரியாலயக் கணினிகள் பழையவை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11ஐ இந்தப் பழைய மெஷின்கள் ஏற்றுக்கொள்ளா. வேலை செய்கிற மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சந்தாப் பணத்தை எடுக்க முடியாது. ஆகவே ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் வழியில் வந்தது அது. 1993 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் ஓடுகிறது. ஆனால் மேசைக் கணினியில் போடுபவர்கள் குறைவு. பிரிண்டர் பெட்டிக்குள் வரும் இறுவட்டில் இதன் பெயர் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டால், "அதுக்குச் சரிவராது, வேற மெஷின் எடுங்க" என்பார்.

சரிவரும். நாங்கள் இன்று சொல்ல வந்த விடயமே அதுதான். வலைப்பின்னலில் இணைகிற லேசர் பிரிண்டருக்குக் கடிதம் அனுப்ப மூன்று விடயம் தெரிந்தால் போதும். அதன் முகவரி என்ன? எந்தக் கதவில் தட்ட வேண்டும்? அது எந்த மொழி பேசும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த இயங்குதளத்திலிருந்தும் அச்சிடலாம்.

முதலில் முகவரி. முகவரி இல்லாத கஷ்டத்தை நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இல்லாததால் தோட்டக் கந்தோரில் தேங்கிப்போன கடிதங்களை நாம் அறிவோம். பிரிண்டருக்கும் அதே கதிதான். ரவுட்டர் அதற்கு ஒரு முகவரியைத் தற்காலிகமாகக் கொடுக்கும். 192, 168 என்று தொடங்கும் நான்கு எண்கள் அவை. மின்சாரம் போய் வந்தால் அந்த முகவரி மாறக்கூடும். மாறினால் கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலை, பிரிண்டருக்கு நிரந்தர முகவரி கொடுப்பது. பிரிண்டரின் பட்டன்களை அழுத்தி அதன் அமைப்பு அறிக்கையை அச்சிட்டால், இப்போதைய முகவரி அந்தத் தாளில் வரும். பிறகு ரவுட்டரின் அமைப்புக்குள் போய், "இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த முகவரிதான்" என்று ஒதுக்கிவிட வேண்டும். அந்த இலக்கத்தைத் துண்டில் எழுதிப் பிரிண்டரின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது கதவு. பிரிண்டருக்குள் போகப் பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 515ஆம் கதவு மிகப் பழையது. எல்.பி.டி என்ற அச்சு முறை பெர்க்லி யுனிக்ஸில் பிறந்தது. அந்தக் கதவில் எப்படித் தட்ட வேண்டும், எப்படிப் பதில் வரும் என்ற விபரம் 1990இல் ஓர் ஆவணமாக எழுதப்பட்டது. யாரும் வாசிக்கலாம். 9100ஆம் கதவு அதைவிடச் சுலபம். உள்ளே எதைப் போட்டாலும் நேராகப் பிரிண்டருக்குப் போய்விடும். 631ஆம் கதவு புதியது, பேச்சுவார்த்தைக்கு உரியது. பிரிண்டரில் எத்தனை தட்டு, என்ன தாள், எந்த மொழி என்று கணினி கேட்டுத் தெரிந்துகொள்ளும். இன்றைய பல பிரிண்டர்களில் மூன்று கதவும் இருக்கும். நாங்கள் 9100ஐ எடுத்தோம். காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

மூன்றாவது மொழி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல பிரிண்டருக்கு ஒரு மொழி தெரிந்திருக்கும். சிலவற்றுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட், பலவற்றுக்கு பி.சி.எல். "இந்த இடத்தில் இந்த எழுத்தைப் போடு" என்று அந்த மொழியில் சொன்னால் பிரிண்டர் தானாகவே பக்கத்தை அமைத்துக்கொள்ளும். சில மலிவு பிரிண்டர்களுக்கு இந்த இரண்டு மொழியும் தெரியாது. பக்கத்தை முழுதாகக் கணினியே அமைத்து, அந்த நிறுவனம் மட்டும் அறிந்த வடிவத்தில் புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் கொடுக்கும். அந்தப் பதிப்பு பழசானால் பிரிண்டரும் பழசு. வாங்கும்போது மிச்சப்பட்ட காசு அங்கே போய்விடும்.

இனிக் கணினிப் பக்கம் வருவோம். ஃப்ரீபிஎஸ்டியில் எல்.பி.டி என்ற வேலைக்காரன் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறான். அவன் செய்கிற வேலையைக் கொழுந்து மடுவத்தில் பார்த்திருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தராசு ஒன்றுதான். வரிசையில் நிற்க வேண்டும். அதேபோல ஐந்து பேர் ஐந்து கணினியிலிருந்து கடிதம் அனுப்பினால், எல்.பி.டி வாங்கி, பெயர் எழுதி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுப்பான். ஒரு நல்ல குணம், சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோவைக் கழிக்கமாட்டான்.

அவனுக்கு நாம் கொடுக்கும் கட்டளை பிரிண்ட்கேப் என்ற ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. அதில் ஐந்தாறு வரிதான். முதல் வரி பிரிண்டரின் பெயர். இரண்டாவது வரியில் 9100 என்ற கதவும் பிரிண்டரின் முகவரியும். மூன்றாவது வரி, வரிசையில் நிற்கும் கடிதங்களை வைக்கும் இடம். நான்காவது வரி, பிழை நேர்ந்தால் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பு. ஐந்தாவது வரி, ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் பெயர்த்தாள் போடாதே என்ற கட்டளை. இதை எழுதாவிட்டால் ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு தாள் செலவாகலாம். இன்னொரு வரியில் கோப்பின் அளவுக் கட்டுப்பாட்டைப் பூச்சியம் என்று எழுதுகிறோம். பூச்சியம் என்றால் எல்லை இல்லை என்று பொருள். எல்லை இருந்தால் படமுள்ள பெரிய அறிவித்தல் பாதியில் வெட்டுப்பட்டுப் போகும்.

கடிதங்கள் காத்திருக்கும் இடத்தை நாம் உருவாக்கி, அதன் உரிமையை டீமன் என்ற பயனர் பெயருக்குக் கொடுக்க வேண்டும். அதை மறந்தால் ஒன்றும் அச்சாகாது. கடைசியாக, கணினி தொடங்கும்போதே எல்.பி.டியும் தொடங்க வேண்டும் என்று தொடக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி. இவ்வளவுதான்.

இனி வடிகட்டி. தேத்தண்ணிக்கு வடி இருப்பதுபோல, கடிதம் பிரிண்டருக்குப் போகுமுன் ஒரு வடியில் இறங்கிப் போகிறது. அது பிரிண்ட்கேப் கோப்பில் பெயர் குறிப்பிடும் ஒரு சிறு நிரல். வருகிற கோப்பின் முதல் எழுத்துக்களை அது பார்க்கும். சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும் இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட். சதவீதக் குறியோடு பி.டி.எஃப் என்ற எழுத்துக்கள் இருந்தால் பி.டி.எஃப். இரண்டையும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்து, நம் பிரிண்டருக்குத் தெரிந்த பி.சி.எல் மொழிக்கு மாற்றி அனுப்பும். 9100ஆம் கதவை எடுத்ததற்குக் காரணம் இதுதான். மொழிபெயர்ப்பை நம் கணினியிலேயே முடித்துவிட்டு, பிரிண்டருக்கு விளங்கும் வடிவத்தில் நேராகக் கொடுக்கிறோம்.

வெறும் எழுத்துக் கோப்பை வடி இல்லாமல் அனுப்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் வரி இடது பக்கம் இருக்கும், அடுத்த வரி அது முடிந்த இடத்திலிருந்து தொடங்கும், அதற்கடுத்தது இன்னும் தள்ளி. மலைச்சரிவுப் படிக்கட்டு மாதிரி இறங்கிப் போகும். பிரிண்டர் பழுதாகவில்லை. யுனிக்ஸ் வழிக் கணினி வரி முடிவில் "கீழே இறங்கு" என்று மட்டும் சொல்கிறது. பிரிண்டரோ "இடது பக்கம் திரும்பு" என்பதையும் எதிர்பார்க்கிறது. அந்த ஒரு சொல்லை வடி சேர்த்துவிட்டால் வரிகள் நேராகிவிடும்.

இப்போது நமக்கு மிக முக்கியமான விடயம், தமிழ். பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்துக்கள் பிறக்கும்போதே இருக்கின்றன. தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் இல்லை. தமிழ்க் கடிதத்தை வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்பினால் கிறுக்கல்தான் வரும். ஆகவே தமிழ்க் கடிதத்தை லிப்ரே ஆபிஸில் எழுதி, பி.டி.எஃப் ஆக்கி அனுப்புங்கள். அப்போது எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும். பிரிண்டருக்குத் தமிழ் தெரிய வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

இன்னொன்று பாமினி. நம் நாட்டில் பல வருடங்களாகக் கடிதங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டி வந்தோம். பாமினியில் உண்மையில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். அவற்றுக்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உடுப்புக் கழன்றுவிடும். உங்கள் மனு ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டினால் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். நோட்டோ தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் போதும். பழைய பாமினிக் கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றக் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் ஒரு தடவை கண்ணால் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் சேமலாப நிதி விண்ணப்பம் எத்தனை மாதம் இழுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் அச்சு வராவிட்டால் என்ன செய்வது? பீலியில் தண்ணீர் வராவிட்டால் குழாயைத் திட்டிக்கொண்டு நிற்கமாட்டோம். குழாய் வழியே ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போவோம். அதே முறைதான். பிரிண்டர் தன் அமைப்பு அறிக்கையை அச்சிடுகிறதா? அச்சிட்டால் பிரிண்டர் நலம். கணினியிலிருந்து பிங் கட்டளை கொடுத்தால் அந்த முகவரி பதில் சொல்கிறதா? சொன்னால் வலைப்பின்னல் நலம். 9100ஆம் கதவு திறக்கிறதா என்று நெட்கேட் கட்டளையால் பாருங்கள். திறந்தால் வரிசையைப் பாருங்கள். எல்.பி.கியூ என்ற கட்டளை யாருடைய கடிதம் எங்கே நிற்கிறது என்று காட்டும். முன்னால் ஒன்று சிக்கி நின்றால் எல்.பி.ஆர்.எம் கட்டளையால் அதை எடுத்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் தாள் வரவில்லையா? பதிவுக் கோப்பின் கடைசி வரிகளை வாசியுங்கள். பெரும்பாலும் வடி நிரலுக்கு ஓடும் அனுமதி கொடுக்கப்படவில்லை, அல்லது காத்திருக்கும் இடத்தின் உரிமை தவறு. இந்த வரிசையில் பார்த்தால் எந்த இணைப்பில் தடை என்று விரைவில் தெரியும்.

இவ்வளவும் வேண்டாம், சுலபமான வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு கப்ஸ் என்ற முறை இருக்கிறது. மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999இல் வெளியிட்டார். லினக்ஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் அதுவே அச்சு வேலையைப் பார்க்கிறது. ஃப்ரீபிஎஸ்டியிலும் போடலாம். உலாவியில் பக்கத்தைத் திறந்து பெட்டிகளை நிரப்பினால் போதும். 631ஆம் கதவில் பேசும் புதிய பிரிண்டர்கள் பலவற்றுக்குத் தனி மென்பொருள்கூட வேண்டியதில்லை. கிளையில் புதிதாகப் பிரிண்டர் வாங்குவதானால் இந்த வழியே நல்லது.

வாங்கப் போகும்போது கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். கேபிளிலோ வை-பையிலோ வலைப்பின்னலில் இணையுமா? போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல் தெரியுமா, இல்லாவிட்டால் ஐ.பி.பி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் உண்டா? டோனர் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, என்ன விலை? பதிலைப் பெட்டியின் மேல் அல்லது விபரக் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

நம் மலைப் பக்கத்துக்கென்று இரண்டு புத்தி. பனியும் மழையும் தாளில் ஈரத்தை ஏற்றும். லேசர் பிரிண்டர் டோனர் தூளைச் சூட்டினால் தாளில் ஒட்டுகிறது. ஈரத்தாள் அந்தச் சூட்டில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். ஆகவே தாளை உறையிலேயே மூடி வையுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் தட்டில் போடுங்கள். அடுத்து, அந்தச் சூட்டுக்காகப் பிரிண்டர் திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூ.பி.எஸ்ஸில் பிரிண்டரைச் செருகாதீர்கள். அது தாங்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 9100ஆம் கதவு யார் தட்டினாலும் திறக்கும். நம் வை-பை கடவுச்சொல் தெரிந்த எவரும் நம் பிரிண்டரில் அச்சிடலாம். கடவுச்சொல்லைக் கண்டவருக்கும் கொடுக்க வேண்டாம். இணையத்திலிருந்து பிரிண்டருக்கு நேர்வழி திறந்துவிடவும் வேண்டாம். உறுப்பினர் பட்டியலை அச்சிட்டால் உடனே போய் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் வேறு கைக்குப் போனால் பாதிக்கப்படுவது நம் ஆட்கள்.

தோழர்களே, பிரிண்டருக்கும் சுதந்திர மென்பொருளுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஸெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கும். அது வேறு மாடியில் இருந்ததால் சிக்கியதே தெரியாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்திய பிரிண்டரில் செய்ததுபோல, தாள் சிக்கினால் உரியவருக்குச் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூல நிரல் கொடுக்கப்படவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். தாம் பாவிக்கும் பொருளைத் தாம் திருத்த முடியாத அந்த அனுபவம் ஸ்டால்மன் மனதை விட்டு நீங்கவில்லை. 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற மென்பொருள் இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

நமக்கும் இது புதிய பாடம் அல்ல. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியபோது அச்சைத் தம் கையில் வைத்துக்கொண்டார். தேசபக்தன் பத்திரிகையை நடத்தினார். அவரும் மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் அச்சிட்டு லயங்களுக்குக் கொண்டுபோனார்கள். வேறொருவர் தயவில் அச்சு இருந்திருந்தால் அந்தக் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். இந்த அறிவு ஓர் ஆளின் தலைக்குள் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு பூட்டுத்தான். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனால் பிரிண்டரும் கூடவே போய்விடும். அதனால் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் பழகட்டும். ஒருவர் தங்கையாக இருக்கட்டும். பிரிண்டரின் முகவரி, கதவு, மொழி, பிரிண்ட்கேப் கோப்பின் வரிகள், வடி நிரல், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கையால் எழுதி மேசை லாச்சியில் வையுங்கள். கணினியே பழுதானாலும் அந்தக் கொப்பியை வைத்து வேறு கணினியில் அன்றைக்கே அச்சைத் தொடங்கலாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் கணினியும் பிரிண்டரும் தயாராக இருக்கும். ஒவ்வொருவரும் வந்து உங்கள் கையாலேயே ஒரு தமிழ்க் கடிதத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.